வட்டத்தொட்டியின் வியப்பு: இரசிகமணி டி.கே.சி. வாழ்வும் நோக்கும்

வியப்பு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் விடை சொல்லி வைத்திருக்கிறது. மருட்கை என்று அது குறிக்கும் வியப்புக்கு நிலைக்களன் நான்கு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. புதியதைக் கண்டும் பெரியதைக் கண்டும் மனிதன் வியப்பது இயல்பு. ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் கண்டு வியப்பதும் அவ்வாறே. ஆனால் சிறியதைக் கண்டு வியப்பதற்குத் தனியாக ஒரு மனப்பக்குவம் வேண்டும். நாள்தோறும் கண்ணில் பட்டுப் பட்டுக் கவனத்திலிருந்து நழுவிப்போன பொருளை மீண்டும் முதன்முறை காண்பதுபோலக் காணவேண்டும். அந்தப் பக்குவத்தைத் தம் வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டு, அதை ஒரு கூட்டத்தாருக்கும் பழக்கிக் கொடுத்தவர் திருநெல்வேலிச் சீமையின் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் தீத்தாரப்ப முதலியார். தாயார் மீனாம்பாள். பொதிகையின் சாரலும் சிற்றாற்றின் நீரும் வயல்வெளியும் கோயில் மணியோசையுமாக அமைந்த சூழலில் இளமை கழிந்தது. பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்றார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களுக்கு ஷெல்லியும் கீட்ஸும் வீட்டுக்காரர்களைப் போலவும், கம்பரும் திரிகூடராசப்பரும் தூரத்து உறவினரைப் போலவும் தோன்றிய காலம். டி.கே.சி.யிடம் அது வேறு விதமாக வேலை செய்தது. ஆங்கிலக் கவிதையில் அவர் பெற்ற இன்பம், அதே இன்பத்தைத் தாய்மொழியில் தேடும் தாகத்தைத் தூண்டிவிட்டது. தேடிப் பார்த்தபோது அது புதையலாக எங்கோ மறைந்து கிடக்கவில்லை என்பதும், வீட்டுத் திண்ணையிலும் களத்துமேட்டிலும் தேர்த்திருவிழாவிலும் பேசப்படும் சொற்களிலேயே அது உயிரோடு இருக்கிறது என்பதும் அவருக்குப் புலப்பட்டன.

வழக்கறிஞர் தொழிலுக்கு வேண்டிய தகுதி இருந்தும் அதில் அவர் மனம் தோயவில்லை. பொதுவாழ்வின் பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலையப் பாதுகாப்புக் குழுவின் ஆணையராகப் பணியாற்றினார். இவற்றுள் எதுவும் இன்று அவர் பெயரோடு சேர்த்து முதலில் நினைக்கப்படுவதில்லை. அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது ஒரு வீட்டின் நடுவே வானம் பார்க்க இருந்த வட்டமான முற்றம்.

வட்டத்தொட்டி

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டு முதல் தாமிரபரணியின் மேல் நிற்கிறது. அந்தப் பாலத்தை அடுத்த வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி.யின் வீடு இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தைத் தொட்டி என்பார்கள். டி.கே.சி. வீட்டுத் தொட்டி வட்டவடிவம் கொண்டது. அதனால் அங்கே கூடிய கூட்டத்துக்கும் வட்டத்தொட்டி என்பதே பெயராயிற்று. 1920களின் நடுப்பகுதியில், ஞாயிறு மாலைகளில், நண்பர்கள் அங்கே கூடினார்கள். உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் கொண்ட அமைப்பாக அது இயங்கவில்லை. மேடை இல்லாததால் மேடைப்பேச்சும் இல்லை. வட்டமாக அமர்ந்தால் முதல் இடம் என்றும் கடைசி இடம் என்றும் ஒன்று இராது. முற்றத்தின் வடிவமே கூட்டத்தின் ஒழுங்கையும் வகுத்துக் கொடுத்துவிட்டது.

வந்தவர்களுக்கு அந்த வீட்டில் செவிக்கு மட்டுமன்றி வயிற்றுக்கும் உணவு உண்டு. டி.கே.சி.யின் துணைவியார் பிச்சம்மாளின் விருந்தோம்பலைப் பற்றிச் சொல்லாமல் வட்டத்தொட்டியைப் பற்றி எழுதியவர்கள் அரிது. சாப்பாட்டைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் டி.கே.சி. ஒரே தன்மையான ஈடுபாட்டோடு பேசுவார். நன்றாகச் செய்த எதுவும் அவருக்குக் கலைதான். இந்தப் பார்வையில் விளையாட்டு எதுவும் இல்லை. அன்றாடப் பொருளில் சுவை காணத் தெரியாத நாக்குக்குக் கவிதையில் மட்டும் சுவை தெரிந்துவிடாது என்பது அவர் கொள்கையின் அடித்தளம்.

கூட்டத்தில் நடந்தது என்ன? பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டு. டி.கே.சி. அதை எடுத்துக்கொள்வார். ஒருமுறை பாடுவார். மறுபடியும் பாடுவார். ஒரு சொல்லில் நிற்பார். அந்தச் சொல்லை ஊரில் யார், எப்போது, என்ன தொனியில் சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கச் செய்வார். மீண்டும் முதலிலிருந்து பாடுவார். இப்படி நாலைந்து முறை சுற்றி வருவதற்குள், புலவர்கள் உரையெழுதிப் பூட்டிவைத்த செய்யுள் பேச்சாக அவிழ்ந்து கேட்பவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும். அவையில் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் போன்ற ஆங்கில இலக்கிய வல்லுநர்கள் இருந்தார்கள். அரசுப் பணியில் இருந்துகொண்டே கோயிற்கலைக்கும் இலக்கியத்துக்கும் வாழ்வைத் தந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் இருந்தார். பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜன் டி.கே.சி.யின் வழியில் வளர்ந்த இளையவர்களுள் ஒருவர்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் மாணவர் கையில் கொடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். அதன் விளைவுகள் 1929ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. பெயரின் புகழால் ஏமாறாமல் பாட்டை மட்டும் நேருக்கு நேர் சந்திப்பது என்ற அந்த முறையைத் தாமிரபரணிக் கரையிலும் ஒருவர் தம் போக்கில் கைக்கொண்டிருந்தார். ரிச்சர்ட்ஸ் மாணவரின் தவறுகளை ஆராய்ந்தார். டி.கே.சி. நண்பர்களின் இன்பத்தை வளர்த்தார். இருவருக்கும் அதுவே வேறுபாடு.

நீரில் பற்றிய தீ

டி.கே.சி. மீட்டெடுத்துக் கொடுத்த நூல்களுள் முத்தொள்ளாயிரம் தலையாயது. சேர சோழ பாண்டியரைப் பாடிய அந்தப் பழைய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலின் வழியாகவே அதன் பாடல்களில் நூற்றுச் சொச்சம் தப்பிப் பிழைத்தன. 1943ஆம் ஆண்டு டி.கே.சி.யின் விளக்கத்தோடு அது வெளிவந்தபோது, பண்டிதர் வட்டத்துக்கு வெளியே இருந்த வாசகர்களும் அந்த வெண்பாக்களைச் சொல்லி மகிழத் தொடங்கினார்கள்.

அந்த நூலின் உலகத்தைப் பார்த்தால் டி.கே.சி.யின் மனம் அதில் ஏன் சிக்கியது என்பது விளங்கும். சேர நாட்டுச் சேற்று வயலில் செவ்வாம்பல் பூக்கிறது. நாள்தோறும் நடப்பதுதான். ஆனால் அங்கிருக்கும் பறவைகளுக்கு வெள்ளம் தீப்பற்றிக்கொண்டதாகத் தோன்றிவிடுகிறது. அவை பதறிப்போய்த் தம் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கின்றன. பகைவர் படையெடுப்பால் குடிகள் கலங்கும் ஆரவாரம் இல்லாத நாட்டில் உள்ள ஒரே ஆரவாரம் இதுதான். பாண்டிய நாட்டிலோ சங்கின் முட்டையும் புன்னை மொட்டும் கமுகம்பாளையில் உதிர்ந்த பூவும் முத்தாகவே தோன்றிக் கண்ணை ஏமாற்றுகின்றன. அரசன் உலா வரும் வீதியில் தாய்மார் கதவை அடைக்கிறார்கள். பெண்கள் திறக்கிறார்கள். அடைத்தும் திறந்தும் கதவின் குடுமி தேய்ந்து போகிறது.

ஒரு பூ, சிறு மொட்டு, தேய்ந்த கதவுக் குடுமி. இவற்றில் எதுவும் உலகத்தில் இல்லாத அதிசயம் அன்று. தச்சன் கண்ணுக்கு அந்தக் குடுமி பழுதுபார்க்க வேண்டிய பொருள். கவிஞன் கண்ணுக்கு ஒரு வீட்டின் முழுக் கதையும் அந்தத் தேய்மானத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தொல்காப்பியம் கூறிய சிறுமை பற்றிய வியப்புக்கு இதைவிடச் சிறந்த இலக்கியம் காண்பது கடினம். டி.கே.சி.யின் கட்டுரை நூல்களுள் ஒன்றுக்கு அற்புத ரஸம் என்றே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்க இயலாது.

பாடலை அச்சிடும் முறையிலும் அவர் இந்த நோக்கையே கடைப்பிடித்தார். சந்தியால் பிணைந்து கிடந்த சொற்களைப் பிரித்தார். மூச்சு நிற்கும் இடத்தில் அடியை மடக்கினார். யாப்பின் கட்டளைப்படி அமைந்த செய்யுள் வடிவத்தைப் பழகியவர்களுக்கு அது குறும்பாகத் தோன்றியது. தமிழ்ப் பாட்டென்றால் அஞ்சி ஓடியவர்களுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. கண்ணால் படிப்பவனும் காதால் கேட்பவனாக மாறவேண்டும் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது.

இசையிலும் அவருடைய வழக்கு இதுவே. பொருள் விளங்காத பாட்டுக்குத் தலையசைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. 1941ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, இராஜாஜி, கல்கி ஆகியோருடன் டி.கே.சி.யும் அதற்கு உறுதுணையாக நின்றார். காரைக்குடியில் சா. கணேசன் 1939ஆம் ஆண்டு கம்பன் விழாவைத் தொடங்கியபோது, அந்த முதல் விழாவில் தலைமை ஏற்றவரும் அவரே.

காதும் ஏடும்

வியப்பைத் துணையாகக் கொண்டவனுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. தான் வியக்காத இடத்தில் கவிதை இல்லை என்று எண்ணிவிடுவது அது. டி.கே.சி. இந்த ஆபத்துக்கு முற்றிலும் விலகி நின்றவர் என்று சொல்ல இயலாது.

கம்பராமாயணத்தில் ஏறக்குறையப் பதினாயிரம் பாடல்கள் வழங்குகின்றன. அவற்றுள் மிகப் பலவற்றை டி.கே.சி. கம்பர் வாக்காக ஏற்கவில்லை. இடைச்செருகல் என்று ஒதுக்கினார். ஏற்ற பாடல்களிலும் தமக்கு ஓசையோ உணர்ச்சியோ இடறிய இடங்களில் பாடத்தைத் திருத்தினார். இதற்கு அவர் கையில் இருந்த சான்று பெரும்பாலும் தம் செவியே. கல்கி இதழில் அவர் எழுதிய கம்பர் தொடர் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளில் எல்லாம் கம்பரசிகர்களை உண்டாக்கியது. அதே எழுத்து, ஏடுகளை ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் பாடம் தேறும் அறிஞர்களுக்கு நெஞ்சில் முள்ளாயிற்று.

இந்த மாறுபாட்டின் மறுபக்கத்தில் நின்ற அறிவுலகத்துக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகவும் திருநெல்வேலிச் சீமையே ஒருவரைத் தந்திருக்கிறது. சிக்கிநாயக்கன்பட்டியில் 1891ஆம் ஆண்டு பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை அவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். முத்தொள்ளாயிரப் பாடல்களைக் காத்துத் தந்த புறத்திரட்டைப் பதிப்பித்தவரும் அவரே. சுவடி சொல்வதைத் தம் விருப்பம் மீறாதபடி காப்பதே அவர் வகுத்துக்கொண்ட நெறி. ஏடு காத்துக் கொடுத்திராவிட்டால் வட்டத்தொட்டியில் பாட முத்தொள்ளாயிரம் இருந்திராது. வட்டத்தொட்டி பாடிக் காட்டியிராவிட்டால் ஏட்டில் இருந்த முத்தொள்ளாயிரம் பலர் நாவுக்கு வந்திராது.

இன்று பின்னோக்கிப் பார்க்கும்போது, பாடத்தைத் திருத்திய டி.கே.சி.யைப் பின்பற்றுவார் எவரும் இல்லை. அந்த வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்துவிட்டது. ஆனால் பாட்டைப் பாடிக் காட்டி, ஒரு சொல்லில் நின்று, கேட்பவனைத் தானே காணச் செய்த டி.கே.சி.க்கு எதிராக வழக்கே இல்லை. அவருடைய பிழையும் அவருடைய ஆற்றலும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. தம் நெஞ்சில் பட்டதை ஐயமின்றி நம்பிய அந்த உறுதி, ஏட்டின்மேல் கைவைத்தபோது வரம்பு கடந்தது. மனிதர்களிடம் பேசியபோது அவர்களுக்குத் தங்கள் நெஞ்சையே நம்பும் துணிவைக் கொடுத்தது.

மகனும் பாட்டும்

இன்பத்தையே தேடியவர் என்று டி.கே.சி.யை எளிதாகச் சொல்லிவிடலாம். காலம் அவரை அப்படிச் சொல்லிவிட்டுப் போகும்படி விடவில்லை. தந்தையார் பெயரைத் தாங்கிய அருமை மகன் தீத்தாரப்பன், தீபன் என்று எல்லாராலும் அன்போடு அழைக்கப்பட்டவர், இளவயதிலேயே காலமானார். வட்டத்தொட்டியின் நண்பர்களுக்கெல்லாம் பிள்ளைபோல் இருந்தவர் அவர். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். இறந்த பிள்ளையை ஒரு தந்தையின் குரலிலேயே அழைத்துப் புலம்பும் பாட்டு அது.

அந்தப் பாட்டைப் படித்த டி.கே.சி. அதன் அழகில் தம்மை மறந்து, இப்படி ஒரு பாட்டைப் பெறுவதற்கு இன்னொரு மகனையும் இழக்கலாம் என்ற பொருள்பட உருகியதாக ஒரு செய்தி இலக்கிய வட்டங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கேட்பவரை இருவேறாகப் பிரித்துவிடும் செய்தி அது. பெற்ற பிள்ளையின் பிரிவிலும் பாட்டின் நயம் பார்ப்பது கல்நெஞ்சம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரசனையின் சிகரம் என்று சிலர் கைகூப்புவார்கள். இரண்டு முடிவுகளும் அவசரத்தில் எட்டியவை.

துயரம் மனிதனை ஊமையாக்குகிறது. தன் இழப்புக்குத் தன்னிடம் சொல் இல்லை என்பதே துயரத்தின் பெரும்பாரம். அந்நேரத்தில் வேறொருவர் வந்து, இதுதானே நீர் சொல்ல நினைத்தது என்று சொல்லை எடுத்துக் கையில் கொடுத்தால், அது அழகு பார்க்கும் பொருளாக வந்து சேர்வதில்லை. மூச்சாக வந்து சேர்கிறது. வாழ்நாள் முழுவதும் பிறர் பாட்டில் வியப்பைத் தேடியவருக்கு, அந்த வியப்பு தம் வீட்டின் இருளுக்குள்ளேயே ஒரு நாள் விளக்கேந்தி வந்தது. கவிதை வாழ்க்கைக்கு அலங்காரம் என்று எண்ணுபவரால் அத்தகைய சொல்லைச் சொல்லவும் இயலாது, பொறுக்கவும் இயலாது. கவிதை வாழ்க்கையின் உள்ளேயே நடப்பது என்று நம்பியவருக்கு அந்த நம்பிக்கை கேட்ட விலை அது. அன்றாட நிகழ்ச்சிகளில் பொருள் காண்பது இன்பமான பொழுதுபோக்கு என்றால் துன்பம் வந்த நாளில் அது கைவிட்டுவிடும். டி.கே.சி.யை அது கைவிடவில்லை. பிறகும் அவர் பாடினார், எழுதினார், நண்பர்களை வரவேற்றார் என்று அவரை அறிந்தவர் எழுத்துகளால் தெரிகிறது.

குற்றாலத்துச் சாரல்

பிற்கால வாழ்க்கை குற்றாலத்தில் அமைந்தது. தென்மேற்குப் பருவம் ஆரியங்காவுக் கணவாய் வழியே உள்ளே புகுந்து, ஆனி ஆடி மாதங்களில் ஊர் முழுவதும் சாரலாகத் தூவும் இடம் அது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழும். பொங்குமாங்கடலில் விழுந்து எழும்பிப் பரவிப் பேரருவியாக இறங்கும் தண்ணீர் ஒரு கணம் போல மறுகணம் இராது. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சி அந்த மலையடிவாரத்தில் பிறந்தது. அந்தக் குறவஞ்சியில் டி.கே.சி.க்கு இருந்த ஈடுபாடு பெரிது.

வண்ணாரப்பேட்டை முற்றம் குற்றாலத்துக்கு இடம் மாறியது என்றே சொல்லவேண்டும். இராஜாஜி வந்தார். கல்கி வந்தார். பதவியில் இருந்தவர்களும் பதவியே இல்லாதவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் அருவியில் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். வர இயலாதவர்களுக்குக் கடிதங்கள் சென்றன. டி.கே.சி.யின் கடிதங்கள் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த தனிச் செல்வம். எதிரில் அமர்ந்திருப்பவரிடம் பேசும் தொனியில், வீட்டுச் செய்தியும் சாரல் செய்தியும் கம்பர் பாட்டும் ஒன்றோடொன்று கலந்து வரும். பெரிய செய்தி, சிறிய செய்தி என்ற பிரிவினை அவற்றில் இல்லை.

1954ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் டி.கே.சி. மறைந்தார். தீபனுக்குப் பாட்டெழுதிய கவிமணி அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாளும், டி.கே.சி.யின் எழுத்தைத் தம் இதழில் வாரந்தோறும் தமிழருக்கு வழங்கிய கல்கி டிசம்பர் 5ஆம் நாளும் காலமானார்கள். ஒரே ஆண்டுக்குள் அந்த நட்பு வட்டத்தின் மூன்று குரல்கள் ஓய்ந்துபோயின.

எஞ்சியிருப்பது

டி.கே.சி. விட்டுச் சென்றவை என்று எண்ணினால் சில நூல்கள், முத்தொள்ளாயிர விளக்கம், கம்பர் பதிப்பு, இதய ஒலி முதலிய கட்டுரைத் தொகுதிகள், கடிதங்கள். அவருடைய முக்கியமான ஆக்கம் பேச்சு. ஞாயிறு மாலைகளில் பாடிய குரல் ஒலிப்பதிவாகப் பெருமளவில் காக்கப்படவில்லை. வட்டத்தொட்டிக்கு நடவடிக்கைக் குறிப்பேடு இல்லை. அமைப்பாகப் பார்த்தால் அது எதையும் சேர்த்து வைக்காத அமைப்பு.

ஆயினும் அது மறையவில்லை. பாஸ்கரத் தொண்டைமான் ஊர் ஊராகச் சென்று கோயிலும் சிற்பமும் கண்டு வேங்கடம் முதல் குமரி வரை என்று எழுதியபோது, அந்தக் கண்ணில் வட்டத்தொட்டியின் பயிற்சி இருந்தது. மகராஜன் நீதிபதியாக இருந்துகொண்டே கம்பரையும் வள்ளுவரையும் ஆங்கிலத்தில் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியபோது, அந்தக் காதில் வட்டத்தொட்டியின் ஓசை இருந்தது. ஒரு மாலையில் ஒரு பாட்டை ஒருவர் ஐந்து முறை பாடிக் கேட்டவர்கள், பிறகு தம் வாழ்நாளில் ஐந்நூறு பேருக்கு அதைச் சொன்னார்கள். இலக்கிய வட்டம் எதுவாயினும், தீர்மானங்களையும் மலர்களையும் கடந்து, அதன் ஆயுள் இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. யாருடைய காது அங்கே திறந்தது என்பதே கணக்கு.

வண்ணாரப்பேட்டை வழியே போகும் தாமிரபரணியும், குற்றாலத்து அருவியாய் இறங்கி வரும் சிற்றாறும் சீவலப்பேரியில் ஒன்று கூடுகின்றன. முக்கூடல் என்று பள்ளு இலக்கியம் பாடிய இடம் அது. அங்கிருந்து கிழக்கே வயல்களுக்குப் பாய்ந்து, பழைய முத்துக் கரைக்குப் போய்ச் சேருகிறது ஆறு. அதன் கால்வாய்களில் நின்று பார்ப்பவருக்கு எது குற்றாலத்துத் தண்ணீர், எது பாபநாசத்துத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல இயலாது. வயலில் ஆம்பல் பூத்திருந்தால், அதை ஒரு கணம் நின்று பார்க்க மட்டும் இயலும்.